மேஸ்திரியைக் கிண்டல் செய்யாத கோமாளி

ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி, "நாடகத்துல என்னை மட்டும் ஏன்யா நீ கிண்டல் பண்ணல?" என்று ஒருவரிடம் சண்டைக்குப் போனார். அந்த ஒருவர் வடக்குத்து ஊர்க் கோமாளி. சின்ன வயசிலிருந்து கூத்தில் வேஷம் கட்டுகிறவர். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தபின், அரிதாரமே பூசாமல் சுரங்கத் தொப்பியோடு மேடையேறி எங்களையே நடித்துக்காட்டிய முதல் ஆள்.

"ஆபீசரு, டிரைவரு, கேன்டீன்காரன், எல்லாரையும் செஞ்சிட்ட. நான் வரவேயில்ல. நீங்க நெசமாவே மைன்ஸ்லதான் வேலை பாக்கிறீங்களான்னு என் பொண்டாட்டி கேக்கிறா."

"உங்கள வுடுவனா மேஸ்திரி? ஒத்திகையில செஞ்சேங்க."

"சிரிச்சாங்களா?"

"எங்க சிரிச்சாங்க? உங்க கொரல்ல ஒரே ஒரு தடவ 'டேய்'னு கத்தினேன். குந்திகினு இருந்தவனுங்க எல்லாம் பீடியப் போட்டுட்டு மம்புட்டியத் தூக்கிகினு வேலைக்குக் கெளம்பிட்டானுங்க. அப்புறம் நாடகத்துக்கு ஏதுங்க ஆளு?"

மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார். பஸ் வந்ததும் கோமாளியின் தோளில் கைபோட்டு ஏறினார்.

"யோவ், நேரா என் வூட்டுக்கு வா. அந்த 'டேய்'ய என் பொண்டாட்டி முன்னால ஒருதரம் சொல்லு. நான் சொன்னா அவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறா."