ரெண்டு மந்திரி, ஒரு குதிர

– தையல் மிஷின கொஞ்சம் நிறுத்து, ஜெயசீலி. அன்னிக்கு ஆட்டத்துல ஜெயிச்சது நீதானாம்.

– எந்த ஆட்டம்? இன்னா பிரகாசம், விழுப்புரத்துலேர்ந்து ரயிலேறி வந்து, ஞாயித்துக்கெழமை மத்தியானத்துல இன்னாமோ சொல்ற?

– எழுவத்தி மூணு. பாகூர் செஸ் போட்டி. ஃபைனல்ல நீயும் நானும். கடைசில ஒங்கிட்ட ராஜாவும் ரெண்டு மந்திரியும், எங்கிட்ட ராஜாவும் ஒரு குதிரயும்.

– பதிமூணு வருஷம் ஆச்சுப்பா. அது டிரா. செஸ் புஸ்தகத்துலயே டிரான்னு போட்டிருக்குன்னு அம்பயரே சொன்னாரு. அப்பால காசு சுண்டிப் போட்டாங்க, ஒனக்கு வுழுந்துது, நீ மெட்ராஸுக்கு ஆடப் போன.

– அங்க ஆடுனதாலதான் ரயில்வேல வேல. இந்தப் பத்திரிகைய பாரு. அமெரிக்காவுல ஒரு கம்ப்யூட்டரு, அந்த அஞ்சு காயயும் எப்டியெல்லாம் நிக்க வெக்கலாமோ அத்தினியும் போட்டுப் பாத்துடுச்சாம். ரெண்டு மந்திரி வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் ஜெயமாம். புஸ்தகம் சொன்னது தப்பாம்.

– எத்தினி மூவுல?

– மிஞ்சிப்போனா அறுவத்தாறு.

– அம்பது மூவுக்கு ஒண்ணும் வெட்டுப்படலன்னா டிராதான ரூலு?

– அதான் எனக்கும் கொழப்பம்! கம்ப்யூட்டரு ஜெயம்ங்குது, ரூலு டிராங்குது. அப்ப நீ ஜெயிச்சியா இல்லியா? என் வேல என்னுதா, ஒன்னுதா? சத்தியமா நாலு நாளா சோறு எறங்கல.

– மொதல்ல தண்ணி குடி. அன்னிக்கு இதெல்லாம் யாரு கண்டா? வுடு.

– வுட முடியலியே. பொஞ்சாதி சிரிக்கிறா. டிரா நீதான கேட்ட? கேக்காம ஆடியிருந்தா நான் காலி. என் குதிர மூலையில மாட்டிக்கினு நின்னுது. ஏன் கேட்ட?

– கேட்டேன். அவ்ளோதான்.

– பாவம்னு எனக்கு வுட்டுக் குடுத்தியா?

– நானா? சிரிப்பு மூட்டாத. மெட்ராஸ் போவணும்னு எனக்கு எவ்ளோ வெறி தெரியுமா? புதுப் பொடவ கூட வாங்கி வெச்சிருந்தேன்.

– அப்ப ஒண்ணும் புரியலியே.

– பிரகாசம், இத்த நான் மாதா கோயில்ல, சாமியாருகிட்ட பாவத்த ஒத்துக்கற பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன். சாமியாருக்கு செஸ்ஸு தெரியாது. மூணு ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிட்டாரு.

– இன்னாத்த சொன்ன? இன்னும் கொழப்பாத, ஜெயசீலி.

– ஒரு மந்திரி வெள்ளக் கட்டத்துலயே போவும், இன்னொண்ணு கறுப்புலயே போவும். கடைசிவரைக்கும் மாறாது, இல்ல?

– அது சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

– அன்னிக்கு குனிஞ்சு பாக்குறேன், என்னுது ரெண்டும் வெள்ளையில நிக்குது. எப்ப ஒரு கட்டம் தள்ளி வெச்சேனோ, இன்னிவரைக்கும் எனக்கே தெரியல. நீ பாக்குறதுக்குள்ள டிரான்னு சொல்லி கைய நீட்டிட்டேன்.