பூசையில் வைத்த பெட்டி

சந்தனம் காய்ந்துவிட்டால் வெள்ளை பிளாஸ்டிக்கிலிருந்து எடுப்பது கஷ்டம், இன்ஸ்பெக்டர். வெறும் துணி போதாது, வெந்நீர் வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற வைஃபை பெட்டியை நான் இன்னும் துடைக்கவில்லை. அது என் மனைவி புஷ்பவல்லி வைத்த பொட்டு. ஆயுத பூசைக்கு என் ஸ்க்ரூட்ரைவர், டெஸ்டர், ஏணி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, கடைசியில் நாற்காலி போட்டு ஏறி அதற்கும் வைத்தாள்.

"பையன் மூஞ்சியக் காட்டுற பெட்டிங்க. இதுக்கு இல்லாத பொட்டா?" என்றாள்.

பையன் ஜீவன் மெல்பர்னில் இருக்கிறான். தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் வருவான். இங்கே செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டுக்குள் மொபைல் சிக்னல் எடுக்காது. எந்தப் பேச்சும் அந்தப் பெட்டி வழியாகத்தான்.

பங்சாரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஆபீஸ்களுக்கு இந்தப் பெட்டிகளை மாட்டுவது என் தொழில். இந்த ரகத்தில் ஒரு கோளாறு உண்டு. பாஸ்வேர்டே தேவையில்லை; வெளியிலிருந்து கோணலாக ஒரு செய்தி அனுப்பினால் பெட்டி மரத்துப்போகும். பச்சை விளக்கு எரியும், ஆனால் யாரும் நெட்டுக்குள் போக முடியாது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால்தான் உயிர் வரும். தயாரித்தவர்கள் திருத்தம் அனுப்பினார்கள். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தேன். வீட்டுப் பெட்டிக்குப் போடவில்லை.

காரணம் இருந்தது. மருமகளுக்குப் பிரசவம் என்று ஜீவன் அம்மாவை மெல்பர்னுக்குக் கூப்பிட்டான். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில், பூட்டிக் கிடக்கிற வீட்டை நானே திறந்து உள்ளே போனதே இல்லை, இன்ஸ்பெக்டர். எப்போதும் கதவைத் திறப்பவள் அவள்தான்.

போன மாதம் நாலைந்து முறை ஆறு மணிக்குப் பெட்டியை நிறுத்தினேன். "லைன் சரியில்ல லா," என்பேன். ஜீவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான்: பிளக்கைப் பிடுங்கு, பத்து வரை எண்ணு, செருகு. அப்புறம் அவளே சரிசெய்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆயுத பூசையன்று மாலை, வருகிறேன் என்றோ இல்லை என்றோ அவள் பதில் சொல்ல வேண்டும்; சரி என்றால் மறுநாள் அவன் டிக்கெட் எடுப்பான். பூசையில் வைத்த பொருளை அடுத்த நாள் காலை வரை அவள் தொடமாட்டாள், கத்தரிக்கோலைக்கூட. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். பழைய லேப்டாப் ஒன்றை மட்டும் பூசைக்குக் கொடுக்காமல் காரில் வைத்திருந்தேன். ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கி, காரில் உட்கார்ந்து, அந்தக் கோணல் செய்தியைப் பெட்டிக்கு அனுப்பினேன். பிறகு பக்கிரிசாமி கடைக்கு நடந்தேன்.

"என்ன சுகு அண்ணே, பூசையும் அதுவுமா இங்க? அக்கா வெளிய தள்ளிட்டாங்களா?" என்றார் பக்கிரிசாமி.

"சுண்டல் இன்னும் வேகலயாம், பாஸ். தே தாரிக் ஒண்ணு போடுங்க."

இரண்டு கிளாஸ் டீ குடித்தேன். அவளுக்கு இதயம் பலவீனம். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அன்று அது ஞாபகம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வந்தது, இரண்டாவது கிளாஸின்போது. குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். கதவை நானே திறந்தேன். பெட்டிக்கு நேர் கீழே கிடந்தாள், கையில் போன். உடம்பு சில்லிட்டிருந்தது. பிளக் சுவரிலேயே இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட நான் அதைப் பிடுங்கினேன். பத்து வரை எண்ணினேன். செருகினேன்.

பெட்டிக்கு உயிர் வந்ததும் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள் போனில் தேங்கிக் கிடந்த குரல் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

"என்னங்க, நெஞ்சு இறுக்குது. எங்க இருக்கீங்க?"

கடைசிச் செய்தியில் மூச்சுதான் அதிகம். "பிளக்கப் பிடுங்கலாம்னு பாத்தேன்... பூசையில வச்சிட்டோமே. பரவால்ல, நீங்க வந்துருவீங்க."

அவள் போக இருந்தது ஆறே மாதத்துக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். யோசித்து, நாள் பார்த்துச் செய்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மொத்தம் ஏழு செய்திகள். ஏழும் எனக்குத்தான். ஜீவனுக்கு ஒன்றுகூட இல்லை.