வெள்ளிக்கிழமை மாத்திரை

— கதவைச் சாத்துங்கோ நிறஞ்சலா மிஸ். மாமி தேடி வந்தாலும் வருவா.

— சாத்தினா வேர்த்துச் சாவம். உன்ர மாமி இப்ப கரையில வலையில நண்டு கழட்டிக்கொண்டிருப்பா. நீ கதிரையில இரு டினோஜா. கர்ப்பம் பாக்கிற பட்டியில கோடு விழ அஞ்சு நிமிசம் செல்லும்.

— ரெண்டு கோடு விழுந்தா நான் செத்தன். வயித்தை வெட்டிப் பிள்ளையை எடுத்து எட்டு மாசந்தான். ரெண்டு வருசத்துக்கு இன்னொண்டு வரக்கூடாதெண்டு டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்.

— அதுக்குத்தானே குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை தந்தது? நாளுக்கு ஒண்டு. என்ன செய்தனீ?

— விழுங்கினனான் மிஸ். தபசுகால வெள்ளிக்கிழமையில மட்டும் விட்டனான்.

— ஏனடியப்பா?

— ஒறுத்தலெல்லே. மீன், இறைச்சி, தேத்தண்ணிக்குச் சீனி எல்லாம் விட்டனாங்கள். மாத்திரையையும் விட்டா ஆண்டவர் சந்தோசப்படுவாரெண்டு...

— ஆண்டவருக்குச் சந்தோசம், எனக்கு விசர்! சீனியை விடு, ஆர் வேண்டாமெண்டது? மாத்திரையை விட்டா பிள்ளையெல்லே வரும்!

— கேக்க ஆள் இருந்ததே? அப்ப விடத்தல்தீவில இருந்து மன்னாருக்கு பஸ் ஏறவேணும். ஒரு நாள் வேலை போகும். மாமியிட்டக் காரணமும் சொல்லவேணும். நீங்கள் இந்தக் கோயில் மண்டபத்தில கிளினிக் வைக்க வரத் துவங்கினது போன கிழமைதானே.

— அதுவும் சரிதான். எத்தினை வெள்ளி விட்டனீ?

— நாலு.

— அப்ப நாலு மாத்திரை மிஞ்சியிருக்கவேணுமே. நீ கொண்டுவந்த மாத்திரை மட்டை வெறுமையாக் கிடக்கு!

— அதுதான் எனக்கும் விளங்கேல்லை. அந்தோனியார் படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சனான்.

— காணாமற்போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவருக்குப் பின்னாலயோ கொண்டுபோய் ஒளிச்சனீ! சரி, நேரமாச்சு. பட்டியைப் பாப்பம்.

— நான் பாக்கமாட்டன். நீங்களே சொல்லுங்கோ.

— ஒரு கோடு.

— வடிவாப் பாருங்கோ மிஸ்.

— கண்ணாடி போட்டுத்தான் பாக்கிறன். ஒண்டே ஒண்டு. வயித்தில ஒண்டும் இல்லை.

— என்ர மடு மாதாவே! மூண்டு நாளாச் சோறு இறங்கேல்லை.

— அழுதது காணும். இனி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஊசி போடுவம். அதுக்கு வெள்ளியும் இல்லை, ஒறுத்தலும் இல்லை. காசும் இல்லை.

— இப்பவே போடுங்கோ. ஐயோ, வாசல்ல மாமி!

— வாங்கோ றஞ்சிதமக்கா, உள்ளுக்கு வாங்கோ.

— மாமி, நான் சும்மா... பிள்ளைக்கு நிறை பாக்க வந்தனான்.

— பிள்ளை அங்க மாமாவின்ர மடியில கிடக்குது. நீ ஆருக்கடி நிறை பாக்கிறாய்? இரு, எழும்பாதை. நான் உன்னைத் தேடி வரேல்லை.

— அப்ப என்னக்கா விசயம்?

— எனக்கு நாப்பத்திரண்டு வயசுதான் மிஸ். இவளின்ர மாமா காத்தெண்டு கடலுக்குப் போகாட்டி வீட்டிலதான். பேரனுக்கு ஒரு சித்தப்பனைப் பெத்துக் குடுக்கச் சொல்லுறியளே? அந்தோனியாருக்குப் பின்னால கிடந்த நாலையும் நான்தான் விழுங்கினனான். எனக்கெண்டு ஒரு முழு மட்டை தாங்கோ.