சர்க்கரை இல்லாத மத்தியானம்

இருந்தவர்கள்: வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைத் தன் வாடகை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் அக்கா, பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிஸ்டர், ஆறு குழந்தைகள். யாரும் தூங்கவில்லை.

— விரலை எடுங்க சிஸ்டர், கடிச்சிருவா.

— கடிக்கட்டும். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கக்கா. ஈறை ஒட்டி வெள்ளையா ஒரு கோடு தெரியுதா?

— பால் ஒட்டியிருக்கு.

— துடைச்சும் போகல. பல் அரிக்க ஆரம்பிச்சிருக்கு. இப்ப நிறுத்தினா இதோட நிக்கும். விட்டா கறுத்து ஒடியும். பால் பாட்டில்ல சர்க்கரை போடறீங்களா?

— மெதுவாப் பேசுங்க. மாடியில வீட்டு ஓனர் நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தார்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கக்கா.

— போடறேன். துளிதான்.

— துளியா?

— சரி, ஸ்பூன் கணக்குலதான். என்ன பண்ணச் சொல்றீங்க? வாயில இனிப்பு இருந்தாத்தான் ஆறும் ஒண்ணா தூங்குது. ஒண்ணு கத்தினா ஆறும் கத்தும். இன்னொரு தடவை அவர் தூக்கம் கெட்டா வீட்டைக் காலி பண்ணணுமாம். அப்புறம் இதுங்க அம்மாக்கள் தையல் கம்பெனிக்கு எப்படிப் போவாங்க, இடுப்புல கட்டிக்கிட்டா?

— தூங்கறப்ப வெறும் தண்ணி குடுத்துப் பாருங்க.

— குடுத்தேன். என் மூஞ்சியிலயே துப்பினா இந்த மகாராணி.

— ரெண்டு மூணு நாள் அடம்பிடிக்கும். அப்புறம் பழகிரும்.

— அந்த ரெண்டு மூணு நாளை யார் தாங்கறது? நீங்க பையைத் தூக்கிட்டுக் கிளம்பிருவீங்க.

— அதுக்குத்தானே உங்களோட சேர்ந்து செய்யலாம்னு வந்தோம். ஆஸ்பத்திரியும் நீங்களும் கூட்டு.

— நல்ல கூட்டு! சுவத்துல படம் ஒட்டறது உங்க பங்கு, திட்டு வாங்கறது என் பங்கு.

— சரி, நான் என்ன பண்ணணும்? சொல்லுங்க, பண்றேன்.

— இன்னிக்குச் சர்க்கரை கிடையாது. நீங்களே தூங்க வைங்க. நான் மாடிக்குப் போய், கத்தல் அடங்கற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கறேன்.

— ஆறையுமா? அக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல!

— நான் மட்டும் பல்லுக்குப் படிச்சா வந்தேன்? மகாராணியைத் தோள்ல போட்டுத் தட்டுங்க. வர்றேன்.

— ஐயோ, ஆரம்பிச்சுட்டா! அக்கா... அக்கா, கதவை ஏன் வெளிப்பக்கமா பூட்டறீங்க?

— போன மாசமே சர்க்கரையை எல்லாம் தூக்கிக் கொட்டினவதான் சிஸ்டர் நான். இவ கத்தறதைத் தாங்க முடியாம, கடைக்கு ஓடிப்போய்ப் புதுசா வாங்கிட்டு வந்தது, அன்னிக்கு உங்கள மாதிரியே பல் பார்க்க வந்த உங்க பெரிய டாக்டரம்மாதான்.