அத்திப்பட்டைத் தாள்

—இன்னும் எத்தனை தாள் உருவம் வெட்டப் போறீங்க, சின்ன மாமா? கட்டில் நிறைஞ்சுபோச்சு. பிள்ளை புரள இடம் இல்ல.

—காத்து கருப்பு எத்தனையோ அத்தனை, தோமிங்கா. எது பிடிச்சிருக்கோ அதை வெட்டி வச்சுப் படைச்சாத்தான் பிள்ளையை விட்டுப் போகும். ஆத்துல போனது ஒண்ணு, மின்னல் தாக்கினது ஒண்ணு, குடிச்சுட்டுப் பள்ளத்துல உருண்டது ஒண்ணு. குடிகாரனுக்கு மட்டும் ரெண்டா வெட்டிட்டேன். என் மாமனார், அதான்.

—சிரிப்பு வரல.

—எனக்கும்தான் வரல. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. நெத்தி எப்படி இருக்கு?

—கொதிக்குது. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு அனுப்பினாங்க. பகல்ல எந்திரிச்சு சோள ரொட்டி கேக்குறான். மலையில மூடுபனி இறங்கினதும் ஆரம்பிச்சிடுது.

—கோழி ரத்தம் வச்சாச்சு. மெழுகுவத்தி ஏத்தியாச்சு. சாராயம் தெளிச்சாச்சு.

—பாதி உங்க வாய்ல.

—அது ஆவிக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. இலாரியா அண்ணி, அந்தக் கல்லைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். என் தலைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு.

—வெந்த பட்டை காத்திருக்குமா, தம்பி? பலகையில காஞ்சா நாரு நாரா நின்னுடும், அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் தாளாகாது. நாளைக்கு வியாபாரி வர்றான். சான் பாப்லித்தோ ஊர் முழுக்க இதே சத்தம்தான். உங்களுக்கு என் கல்லு மட்டும்தான் கேக்குதா?

—பேரன் இப்படிக் கிடக்குறான். அத்தைக்கு வியாபாரி.

—கை சும்மா இருந்தா நினைப்பு வரும்டி.

—ரெண்டு பேரும் கேளுங்க. நான் கொண்டுவந்த கறுப்புத் தாள் தீந்துபோச்சு. இதுவரைக்கும் வெட்டினதெல்லாம் வெளி ஆளுங்க. ஊருக்குள்ள திரியறது. அதுல ஒண்ணு பிடிச்சிருந்தா இந்நேரம் பிள்ளைக்கு வேர்த்திருக்கணும். வேர்க்கல.

—அப்ப?

—வீட்டு ஆள்.

—வீட்டு ஆளுக்கு என்ன தம்பி குறை? உங்க அண்ணன் படுக்கையில செத்தார். பாதிரியார் வந்தார், மணி அடிச்சாங்க. நீங்களே வெள்ளைத் தாள்ல, வெறுங்காலோட வெட்டி வச்சீங்க. நல்ல சாவு.

—அண்ணனைச் சொல்லல. பூட்ஸ் போட்டு வெட்ட வேண்டிய ஆளைச் சொல்றேன். வெளியில, அடிபட்டு, அலைஞ்சு செத்த ஆள்.

—அப்படி யாரும் இந்த வீட்டுல இல்ல.

—பெனித்தோ என்ன கேக்குறான் காய்ச்சல்ல? நீ சொல்லு, தோமிங்கா.

—தண்ணி. தண்ணி தண்ணின்னு உயிரை வாங்குறான். குடுத்தா வாயை மூடிக்கிறான்.

—அது அவனோட தாகம் இல்ல, அண்ணி. இந்த மலையில யார் தாகத்துல செத்திருக்கா? சுவரெல்லாம் பாசி. தாகத்துல சாகணும்னா வடக்க போகணும், எல்லை தாண்டுற அந்தப் பொட்டல் மணலுக்கு.

—வாயைக் கழுவுங்க.

—நான் பேர் சொல்லலையே.

—சொல்லிப் பாருங்க. கல்லு என் கையிலதான் இருக்கு.

—நான் சொல்றேன், அத்தை. ஹெனாரோ. என் புருஷன். வடக்க வேலை தேடிப் போனார். நான் முழுகாம இருந்தேன். பெனித்தோ இப்ப முன்பல் விழுந்து நிக்கிறான்.

—என் பிள்ளை உயிரோட இருக்கான். கோழி வெட்டுற கம்பெனியில வேலை பாக்குறான். ரூஃபினோ கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான்.

—உங்ககிட்ட சொன்னான். என்னைப் பாத்தா அடுத்த சந்துல திரும்பிடுறான். ரெண்டு பேரும் சேந்துதானே போனாங்க? கூட்டாளியோட பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?

—நீ சின்னப் பொண்ணு. வெக்கப்படுவான்.

—நீங்க?

—நான் கிழவி.

—அந்தக் கோழிக் கம்பெனியில போன் கிடையாதா, அத்தை?

—வடக்க போனவன் மறந்துதான் போறான். எதிர்வீட்டுக்காரன் மறக்கலையா? அங்க ஒருத்தியோட குடும்பமே நடத்துறான். மறந்தவனெல்லாம் செத்தவனா?

—மறந்தவன்னு சொன்னா எனக்குச் சுகமா இருக்கும்னு நினைக்கிறீங்களா?

—சண்டையை அப்புறம் போடுங்க. அண்ணி, இங்க பாருங்க. உயிரோட இருக்கறவனைக் கறுப்புத் தாள்ல பூட்ஸ் போட்டு வெட்டினா, நான் வைத்தியன் இல்ல. கொலைகாரன். கத்தரி இங்க மூடும், ஆள் அங்க விழுவான். செத்தவனை வெட்டாம விட்டா...

—விட்டா?

—விட்டா இவனைக் கூட்டிட்டுப் போயிடுவான். கெட்ட எண்ணத்துல இல்ல. பாக்காத பிள்ளை. ஆசையில வந்து உக்காந்திருக்கான்.

—அப்ப வெட்டுங்க, சின்ன மாமா.

—பொண்டாட்டி சொன்னாச் செல்லாது. பெத்தவ வாயால வரணும். பேர் சொல்லி, செத்தான்னு சொல்லணும்.

—சொல்ல மாட்டேன்.

—அண்ணி...

—அவளுக்கென்ன, சுலபமாச் சொல்வா. பட்டை லாரி வர்ற அன்னைக்கு மட்டும் சடையில நாடா கட்டத் தெரியுதுல்ல? அந்த லாரிக்காரன் ஒரு கட்டுப் பட்டை இறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கிறான்னு எனக்குத் தெரியாதா?

—மழையில உங்க முதுகுல வச்சு இறக்கட்டுமா அவர்?

—‘அவர்’. கேட்டீங்களா, தம்பி? புருஷன் செத்தான்னு நான் சொல்லணும். உடனே இவ பிள்ளையை இடுப்புல தூக்கிட்டு லாரியில ஏறிடுவா. நான் இந்தப் பலகையைக் கட்டிக்கிட்டு அழணும்.

—ஏறணும்னா எப்பவோ ஏறியிருப்பேன். அவர் கேக்காமலா இருந்தார்? கல்யாணமானவ, புருஷன் வருவான்னு நீங்க என் காதுல தினம் போட்டீங்க. அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான் நான் இந்த வீட்டுல கல்லு பிடிக்கிறேன்.

—பிடிக்காதே, போ.

—பிள்ளையோட போறேன். பிழைச்சா.

—ஏ, வாயை மூடுங்க ரெண்டு பேரும். பாருங்க, மறுபடி உதைக்கிறான்.

—நேத்துலேருந்து இப்படித்தான். கால் சுடுது, கால் சுடுதுன்னு அழறான். ஈரத்துணி சுத்தினா உதறிடுறான். உள்ளங்கால்ல ஒரு கீறல்கூட இல்ல.

—எந்தக் கால்?

—எதுக்கு அத்தை?

—எந்தக் கால்னு கேட்டேன்.

—இடது. இடது மட்டும்தான். வலது காலைத் தொட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான்.

—அண்ணி, கல்லை ஏன் நிறுத்திட்டீங்க?

—நிறுத்தச் சொன்னீங்களே.

—அது எப்பவோ சொன்னது.

—அத்தை, தாள் கிழிஞ்சிருக்கு பாருங்க. ஒரே இடத்துல அடிச்சு பலகையே தெரியுது.

—கிழியட்டும். தம்பி, வெட்டுங்க.

—யாரை?

—தெரியாத மாதிரி கேக்காதீங்க.

—தெரியும். ஆனா நீங்க சொல்லணும்.

—ஹெனாரோ. இலாரியா பெத்த ஹெனாரோ. செத்தான். போதுமா?

—போதும்.

—வேண்டாம். சின்ன மாமா, வேண்டாம். அத்தை கோவத்துல சொல்றாங்க.

—நீதானே இப்ப வெட்டச் சொன்னே?

—அவங்க மாட்டேன்னு சொல்வாங்கன்னுதான் சொன்னேன். அத்தை, நான் லாரி வந்தா உள்ள போயிடுறேன். நாடாவை அடுப்புல போட்டுடுறேன். கோழிக் கம்பெனியிலேயே இருக்கட்டும், வேற ஒருத்தியோடவே இருக்கட்டும். உயிரோட இருந்தா என்ன பண்ணுவீங்க? நீங்களே கொன்ன மாதிரி ஆயிடும்.

—தள்ளுடி. பிள்ளை நெத்தியைத் தொட்டுப் பாரு, அப்புறம் பேசு.

—சரி, எப்படியும் இன்னைக்கு முடியாது. கறுப்புத் தாள் இல்ல, அண்ணி அடிக்கிறது வெள்ளைப் பட்டை. அத்திப்பட்டை வாங்கணும், சாம்பல் தண்ணியில வேக வைக்கணும், அடிச்சுக் காய வைக்கணும். இந்தப் பனியில எங்க காயும்? அதுவரைக்கும் பிள்ளை தாங்கணும்.

—என் பெட்டியில இருக்கு. கல்யாண ரவிக்கைக்கு அடியில. போய் எடு, தோமிங்கா.

—உங்ககிட்ட ஏது அத்திப்பட்டைத் தாள்?

—எடுடி.

—...இதா? இது காஞ்சு விறைச்சுக் கிடக்கு. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு. இந்த வீட்டுக்குக் கறுப்புப் பட்டை வந்தே நான் பாத்ததில்ல. இதை எப்ப அடிச்சீங்க?

—நீ சந்தைக்குப் போயிருந்தே.

—எந்தச் சந்தைக்கு, அத்தை?

—குடு இப்படி. நல்ல கனம். நல்லா அடிச்ச தாள். அண்ணி, இது நடுவுல மடிச்சிருக்கே. வெட்டுறதுக்கு மடிக்கிற மாதிரி.

—மடிச்சேன். அதுக்கு மேல கை வரல. நீங்க வெட்டுங்க.

—உக்காருங்க. தோமிங்கா, விளக்கைக் கிட்டக் கொண்டா. ஆள் எப்படியோ அப்படியே வெட்டணும், இல்லாட்டி வராது. போன அறுவடையில மர்சலீனோவுக்கு ரெண்டு கையிலயும் முழுசா விரல் வெட்டிட்டேன். மேசையில வச்சதும் மெழுகுவத்தி அணைஞ்சுபோச்சு. அப்புறம் அவன் பொண்டாட்டி மெதுவாச் சொல்றா, கரும்பு ஆலையில விரல் போச்சுன்னு. அதனால யோசிச்சுச் சொல்லுங்க. தலை?

—உங்க அண்ணன் மாதிரிதான். உச்சியில ரெண்டு சுழி.

—கை?

—நீளக் கை. உச்சிக் கொய்யாவை ஒரே எட்டுல பறிப்பான்.

—நீ ஏன் அழற, பொண்ணே? விளக்கு ஆடுது.

—ஆடல. பிடிச்சிருக்கேன்.

—மார்ல இதயம் வெட்டிட்டேன். இனி கால். பூட்ஸ் எப்படி இருந்துச்சு?

—மஞ்சள் கயிறு, சின்ன மாமா. துலான்சிங்கோவுல வாங்கினார். கணுக்காலுக்கு மேல வரும். போற அன்னைக்கு நான்தான் கயிறு கட்டி விட்டேன், ரெண்டுக்கும் இரட்டை முடிச்சு. நடக்குறப்ப கழண்டுடக் கூடாதுன்னு.

—அப்ப ரெண்டு கால்லயும் உயரமான பூட்ஸ்.

—ரெண்டு கால்லயும் போடாதீங்க, தம்பி. வலது கால்ல மட்டும் போடுங்க. இன்னொண்ணை ரூஃபினோ மணல்ல தேடித் தேடிப் பாத்தானாம். கிடைக்கலையாம்.