கூட்டாஞ்சோறு கேட்டு எழுதியவன்

"கொழும்புல உங்களுக்கு வேற ஒருத்தி பொங்கிப் போட்டிருக்கா."

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் புருஷனிடம் சொன்னாள். பஸ் நிறைய ஆட்கள்.

"மெதுவாப் பேசு."

"கூட்டாஞ்சோறு இல்லாம நாக்கு செத்துப்போச்சுன்னு கடுதாசிக்குக் கடுதாசி எழுதினிய. ஊருக்கு வந்ததும் ஆசையா ஆக்கி வச்சேன். ரெண்டு வாய் தின்னுட்டு, கொழும்புக்காரங்க தொட்டுக்கிடுத மாசிக்கருவாட்டுச் சம்பல் இல்லியான்னு கேக்குதிய."

"அங்கன கிளப்புக்கடையில தின்னு பழகிட்டு."

புளுகுகிறான் என்று எனக்கே தெரிந்தது.

"நேத்து மீன் வச்சேன். தொடாம என் கையையே பாத்துக்கிட்டு இருந்திய. கிளப்புக்கடைக்காரனா முள்ளெடுத்துத் தந்தான்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எதிரே இருந்த பெரியவர் குறுக்கிட்டார்.

"ஏ தாயி, இதையெல்லாம் வீட்டுல வச்சுப் பேசப்பிடாதா?"

"வீட்டுல கேட்டுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. வாயே தொறக்கல."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கொழும்புல பட்டினி கெடந்தேன்னு ஊரெல்லாம் சொன்னியள்லா. அதைக் கேட்ட நம்ம ஊர்க்காரங்கதான் இங்கன இருக்காங்க. இவங்க முன்னால சொல்லுங்க, அவ யாரு?"