நடு ஸ்பீக்கர்

நல்ல ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் போதும், பேச்சு திரையின் நடுவிலிருந்து வருவதுபோல் தானாகவே கேட்கும் என்பது என் கட்சி. பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் வேண்டும் என்பது என் மாமனாரின் கட்சி. மற்றபடி எங்களுக்குள் விரோதம் ஒன்றும் இல்லை.

அவர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பியில் வரும் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். மாமியார் போனபின் எங்களோடு வந்து தங்கினார். ஒருமுறை என் அலுவலக நண்பர்கள் வந்திருந்தபோது, "மாப்பிள்ளை டிவியில மழை நல்லாப் பேசுது, மனுசங்கதான் ஊமை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவரே ஒரு நடு ஸ்பீக்கரை வாங்கிவந்து டிவிக்குக் கீழே வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு தெளிவாகத்தான் கேட்டது. அதை நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்த ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கலாம். என் மனைவிக்கு மாலை நேர வேலை. நானும் மாமனாரும் மட்டும்தான் படம் பார்ப்போம். படத்துக்குப் படம் ஒரு துளி குறைத்தேன். இசை, மழை, கார் எல்லாம் அப்படியே இருந்தன. பேச்சு மட்டும் மெல்லக் கிணற்றுக்குள் இறங்கியது. நான் ஏற்கெனவே பார்த்த படங்களாகப் போட்டேன். சிரிக்கவேண்டிய இடத்தில் தவறாமல் சிரித்தேன்.

முதலில் என்னைப் பார்த்து அவரும் சிரித்துவைத்தார். பிறகு, "என்ன சொன்னான் மாப்பிள்ளை?" என்று கேட்க ஆரம்பித்தார். பொறுமையாகச் சொல்வேன். கொஞ்சம் உரக்கவே சொல்வேன்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். வயதுக்குக் காது அருமையாக இருக்கிறது என்றார் டாக்டர். மாமனார் நம்பவில்லை. தன் மனம் நோகக்கூடாது என்று டாக்டர் அப்படிச் சொல்கிறார் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

அதன்பின் அவர் போனை எடுப்பதில்லை. பழைய நண்பர்கள் அழைத்தால், ஏதாவது தப்பாகக் காதில் விழுந்து உளறிவிடுவோம் என்று மகளிடம் நீட்டிவிடுவார். சாப்பிடும்போது எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். காதில் கோளாறு இல்லையென்றால் மூளையில்தான் ஏதோ என்று மனைவி அழுதாள். ஆறுதல் சொன்னேன். அது எனக்கு நன்றாக வரும்.

பேச்சுக்குத் தனி ஸ்பீக்கர் வேண்டும் என்று மாமனார் சொன்னது சரி என்பதால்தான் நான் செய்தது பலித்தது. அது எனக்குப் புரியாமல் இல்லை.

போன ஞாயிறு அவரே டிவி முன்னால் குனிந்து அந்த ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினார்.

"இதை வச்சும் எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க சொன்னதுதான் சரி மாப்பிள்ளை, இது தேவையே இல்ல. மாடி ரூம்ல போட்டுடுங்க. நானும் அங்கயே இருந்துக்கறேன், உங்களுக்குத் தொந்தரவு இல்லாம."

உண்மையை அப்போதே சொல்லியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வயதில் மூத்தவர் ஒருவர் தம் தவறை ஒப்புக்கொள்ளும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை.